பழைய அம்பாசடருக்குப் புதிய மீட்டர்கள்

நம் சங்க அன்பர்கள் சிலர் வீட்டில் இன்னமும் அம்பாசடர் நிற்கிறது. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோனாலும், அப்பா வாங்கிய வண்டி என்று விற்க மனம் வராதவர்கள் நம்மிடையே உண்டு. "சார், டேஷ்போர்டில் கூடுதலாக இரண்டு மீட்டர் போடலாமா?" என்று அவர்கள் கேட்பதுண்டு. தாராளமாகப் போடலாம். ஆனால் வண்டியைக் காக்கப் போடும் மீட்டரே வண்டிக்கு ஆபத்தாகிவிடக் கூடாது. ரயில்வேயில் எஞ்சின்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சில யோசனைகளைச் சொல்கிறேன்.

விளக்கு போதாதா?

பல பழைய வண்டிகளில் ஆயிலுக்கும் சார்ஜுக்கும் சிவப்பு விளக்கு மட்டுமே இருக்கும். ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 அல்லது 10 பவுண்டுக்குக் கீழே போன பிறகுதான் ஆயில் விளக்கு எரியும். 40, 50 பவுண்டு இருக்க வேண்டிய ஓட்டத்தில் 20 பவுண்டுதான் இருந்தாலும் விளக்கு வாயே திறக்காது. அது எரியும்போது பேரிங் தேய ஆரம்பித்திருக்கலாம். மீட்டரின் ஊசியோ நாளுக்கு நாள் இறங்குவதை முன்கூட்டியே காட்டிவிடும்.

ரயில்வேயில் இது பழைய பாடம். நீராவி எஞ்சினில் பாய்லர் அழுத்தம் காட்டும் மீட்டரை டிரைவரும் ஃபயர்மேனும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதனுள் இருப்பது பிரெஞ்சுக்காரரான யூஜின் பூர்தோன் 1849ல் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய். அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவு ஊசியைத் திருப்பும். காருக்கு வரும் மெக்கானிக்கல் ஆயில் மீட்டரிலும் இதே தத்துவம்தான்.

எவற்றைப் போடலாம்?

மூன்று போதும்: தண்ணீர்ச் சூடு, ஆயில் அழுத்தம், பேட்டரி வோல்ட்.

மெக்கானிக்கல் ஆயில் மீட்டரில் கொதிக்கும் ஆயிலே மெல்லிய குழாய் வழியாக நம் முழங்கால் அருகே வந்து சேர்கிறது. குழாய் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விட்டால் ஆயில் காலில் கொட்டும்; சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். எனவே வீட்டு வண்டிக்கு எலெக்ட்ரிக் மீட்டரே நல்லது.

ஆம்பியர் மீட்டரைப் பலர் விரும்புகிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போவது தவிர வண்டியின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அதன் வழியாகத்தான் போகும். அதற்காகத் தடித்த ஒயரை டேஷ்போர்டு வரை இழுத்து வரவேண்டும். அந்த ஒயர் தகட்டில் உரசி எர்த் ஆனால் புகை கிளம்பும். வோல்ட் மீட்டருக்கு மெல்லிய ஒயரும் சிறு ஃபியூஸும் போதும். எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நலம். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டி ஓடும்போது ஏறக்குறைய 14 காட்ட வேண்டும். 12க்குக் கீழே போனால் சார்ஜ் இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம்.

பொருத்தும் முறை

முதலில் பேட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருந்தது. இன்றைய மீட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்படுபவை. இதைப் பாராமல் இணைத்தால் வாங்கிய அன்றே பழுதாகலாம். வேலை தொடங்கும் முன் எர்த் கேபிளைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

மீட்டரும் அதன் சென்ஸாரும் ஜோடி. மல்லிக் பஜாரில் மீட்டர் ஒரு கடையிலும் சென்ஸார் இன்னொரு கடையிலும் வாங்கினால், மரை பொருந்தினாலும் கணக்கு பொருந்தாது. ஊசி பொய் சொல்லும். சென்ஸாருக்கு எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. மிஸ்திரி தாராளமாக டெஃப்லான் டேப் சுற்றினால் அந்த எர்த் கெட்டுவிடக்கூடும். ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஹோஸில் இணைப்புக் குழாய் வைத்து சூட்டு சென்ஸாரைப் பொருத்தினால், ரப்பர் மின்சாரம் கடத்தாது; அங்கே தனி எர்த் ஒயர் கட்டாயம்.

ஆயில் சென்ஸாருக்கு 'டீ' போட்டு, பழைய சிவப்பு விளக்கின் ஸ்விட்சையும் அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு இருவர் இருப்பது நல்லதுதானே! ஆனால் கனமான சென்ஸாரை நீண்ட டீயின் நுனியில் தொங்கவிடாதீர்கள். எஞ்சின் அதிர்வில் அது முறியும். சிறு ஆயில் ஹோஸ் வைத்து, சென்ஸாரைப் பாடியில் இறுக்குவது மேல்.

எஞ்சினுக்கும் நம் காலுக்கும் நடுவே உள்ள தகட்டின் துளையில் ரப்பர் வளையம் போட்ட பிறகே ஒயரை நுழைக்க வேண்டும். மீட்டருக்கான மின்சாரத்தை இக்னிஷன் ஸ்விட்சுக்குப் பிறகு, ஃபியூஸ் வழியாக எடுங்கள்.

டேஷ்போர்டை வெட்டாதீர்கள்

இந்த மீட்டர்கள் பெரும்பாலும் 52 மில்லிமீட்டர் துளைக்கு ஏற்றவை. அதற்காக மிஸ்திரி டேஷ்போர்டில் கட்டர் வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். வெட்டிய துளையைத் திரும்ப மூடினாலும் தழும்பு போகாது. மூன்று துளைகள் கொண்ட தகட்டுத் தாங்கி ஒன்றை, டேஷ்போர்டின் கீழே ஏற்கெனவே இருக்கும் திருகுகளில் மாட்டலாம். என்றைக்கு வேண்டுமானாலும் சுவடின்றிக் கழற்றிவிடலாம்.

இது வெறும் அழகுக்காகச் சொல்வதல்ல. 50 ஆண்டு தாண்டிய சொந்த வாகனங்களை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. இன்று நாம் அவசரத்தில் போடும் துளை, நாளை பிள்ளைகள் வண்டியைப் பதிவுக்கோ கண்காட்சிக்கோ கொண்டுபோகும்போது உறுத்தக்கூடும்.

பொருத்தி முடித்ததும் முதல் வாரம் ஊசிகள் எங்கே நிற்கின்றன என்று ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள்: காலையில் எடுக்கும்போது, ஹௌரா பாலத்து நெரிசலில், நெடுஞ்சாலையில். உங்கள் வண்டிக்கு எது சகஜம் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும். பிறகு ஒருநாள் ஊசி இடம் மாறி நின்றால், வண்டியை ஓரம் கட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை.