அரிய பறவைகளும் கமெராவும்: டயகமவின் மேல்வனங்கள் உணர்த்தும் உண்மை

ஓர் உயிரினம் அழிந்துவிட்டது என்று ஏட்டில் எழுதிவிடுவது எளிது. அது இன்னமும் உயிர் வாழ்கின்றது என்று நிறுவுவதே கடினம். இக்காலத்தில் அச்சான்றைப் பெரும்பாலும் வழங்குவது ஒரு புகைப்படமேயாகும். ஆயினும், அதே புகைப்படத்தை எடுக்கும் ஆர்வம் எல்லை மீறுமிடத்து, எஞ்சியிருக்கும் சில உயிர்களுக்கும் அதுவே தீங்காக முடிகின்றது. இவ்விரு பக்கங்களையும் நமது மலையகத்தை முன்வைத்து நோக்குவது பயனுடையதாகும்.

கடற்பறவைகளின் வரலாற்றில் இதற்குச் சிறந்த உதாரணமொன்று உண்டு. நியூசிலாந்துப் புயற்பறவை எனப்படும் சிறிய கடற்பறவை, 19ஆம் நூற்றாண்டில் சேகரிக்கப்பட்ட மூன்று உடல்களைக் கொண்டே அறியப்பட்டிருந்தது. அது அற்றுப்போய்விட்டதாகவே பலரும் கருதியிருந்தனர். 2003ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நியூசிலாந்தின் கரைக்கு அப்பால் எடுக்கப்பட்ட புகைப்படங்கள் அக்கருத்தை மாற்றின. அதே ஆண்டு நவம்பரில் மேலும் தெளிவான படங்கள் கிடைத்தன. பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல் அதன் இனப்பெருக்க இடம் ஒரு தீவில் கண்டறியப்பட்டது. படம் வழிகாட்டிற்று, ஆய்வு அதனைப் பின்தொடர்ந்தது.

இதனையொத்த நிகழ்வொன்று நமது மலைகளிலேயே இடம்பெற்றுள்ளது. ஹோட்டன் சமவெளித் தேவாங்கு 1937 முதல் நான்கு தடவைகள் மாத்திரமே காணப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. லண்டன் விலங்கியல் சங்கத்தினரும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தினரும் மேற்கொண்ட ஆய்வின்போது அது முதன்முறையாகப் படம்பிடிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு அப்படம் உலகெங்கும் வெளியானது. அவ்வாண்டிலேயே ஹோட்டன் சமவெளியை உள்ளடக்கிய மத்திய மலைநாடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்தச் சமவெளியின் அடிவாரத்தில் அமைந்ததே டயகம. அக்கரப்பத்தனையைக் கடந்து தேயிலை மலைகள் முடிவுறும் இடத்தில் மேல்வனம் ஆரம்பமாகின்றது. அந்தக் குளிர்ந்த வனத்து ஓடைகளே இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவியின் வாழிடமாகும். 'அரெங்கா' என்றும் அழைக்கப்படும் இப்பறவை உலகில் வேறெங்கும் கிடையாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாபத்தை எதிர்நோக்கும் இனமாக வகைப்படுத்தியுள்ளது. கரிய உடலும் தோளில் ஒளிரும் நீலத் திட்டும் கொண்ட ஆண்பறவை, புலரும் வேளையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் மாத்திரமே ஓடைக் கரைக்கு வரும். கண்ணில் படுவதற்கு முன்பே அதன் கூரிய சீழ்க்கை காதில் விழும். மறுகணம் அது புதருக்குள் மறைந்துவிடும்.

எனவேதான் புகைப்படக் கலைஞர்கள் இப்பறவையைப் படம்பிடிப்பதைப் பெரும் பேறாகக் கருதுகின்றனர். ஹோட்டன் சமவெளியில் 'அரெங்கா குளம்' என்றே பெயர் பெற்றுவிட்ட சிறு நீர்நிலையருகே விடியற்குளிரில் அவர்கள் காத்திருப்பதுண்டு. பொறுமையுடன் காத்திருப்பதில் தவறில்லை. தவறு தொடங்குவது பொறுமை இழக்கப்படும் இடத்தில்தான்.

பதிவு செய்யப்பட்ட பறவைக் குரலை ஒலிபரப்பி அழைப்பது அவற்றுள் ஒன்று. அக்குரலைக் கேட்கும் ஆண்பறவை, தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி விரைந்து வரும். இரை தேடவும் குஞ்சுகளைப் பேணவும் செலவிட வேண்டிய நேரத்தை, இல்லாத எதிரியைத் தேடுவதில் அது வீணாக்குகின்றது. ஒரே இடத்தில் பலர் இதனைத் திரும்பத் திரும்பச் செய்வார்களாயின் அப்பறவை அவ்விடத்தையே கைவிட நேரலாம். கூட்டை மறைக்கும் கிளைகளை விலக்குவது இன்னும் கொடியது. படம் தெளிவாக அமையும். ஆனால், கூடு கொன்றுண்ணிகளின் கண்ணிலும் படும். குறைந்த ஒளிக்குப் பழகிய கண்களின்மீது மின்னொளியைப் பாய்ச்சுவதும் தவிர்க்கப்பட வேண்டியதே.

இவை எதுவுமின்றியே நல்ல படம் எடுக்க இயலும். தொலைவிலிருந்து நெருக்கமாகக் காட்டும் நீண்ட லென்ஸ், கமெராவை அசையாது தாங்கும் முக்காலி, மங்கிய ஒளியிலும் பதிவுசெய்யும் நவீன கமெரா ஆகியன இன்று உள்ளன. பறவை பழகிய இடத்தில் முன்கூட்டியே சென்று அசையாது அமர்ந்திருந்தால் அதுவாகவே அருகில் வரும். எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலோ, வாயில் இரையுடன் கூட்டுக்குச் செல்லத் தயங்கினாலோ, நாம் மிக நெருங்கிவிட்டோம் என்பதே பொருள். அப்போது பின்வாங்குவதே முறை.

படத்தை வெளியிடும்போதும் அவதானம் தேவை. கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்துடன் இடத்தின் குறிப்பும் சேர்ந்தே பதிவாகக்கூடும். கூடு இருக்கும் இடம் ஒருமுறை பரவிவிட்டால் அதனை மீளப் பெற இயலாது. மாறாக, எங்கு, எப்போது, எத்தனை பறவைகள் காணப்பட்டன என்ற விபரத்தைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்டு 1976 முதல் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு போன்ற அமைப்புகளிடம் அளித்தால், அப்படம் அறிவியல் சான்றாக உயர்வு பெறும்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று உண்மையையும் நினைவூட்ட வேண்டியுள்ளது. அரெங்கா 19ஆம் நூற்றாண்டில் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. அதன் அறிவியற் பெயர் சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டத் துரை ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. காடுகளை வெட்டிக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள் நமது முன்னோர். விடியற்காலையில் மலைக்குச் சென்று அந்தப் பறவைகளின் குரலை நாள்தோறும் கேட்டவர்களும் அவர்களே. எனினும், பறவைகளைப் பற்றி எழுதும் வாய்ப்புத் துரைமாருக்கே வாய்த்தது. அன்று லயன் அறைகளில் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் வழியிருக்கவில்லை. இன்று அதே லயன்களில் வாழும் இளைஞர்களின் கையில் கமெராவுடன் கூடிய தொலைபேசி இருக்கின்றது.

மேல்வனம் அவர்களுக்கு வேடிக்கைப் பொருளன்று. 1873இல் தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாது என அன்றைய அரசு பணித்தது. நீரூற்றுகளைக் காப்பதற்கு அத்தகைய கட்டுப்பாடு எத்துணை அவசியமென்பதை மலையக மக்கள் நன்கறிவர். ஹோட்டன் சமவெளியே மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் ஊற்றுக்கண். காட்டு ஓடையை நம்பி வாழும் அரெங்கா குறைந்து போகுமாயின், அது அந்த ஓடைக்கும் கேடு நேர்ந்திருக்கக்கூடும் என்பதற்கான அறிகுறி. அந்த நீரையே தோட்டத்து மக்களும் பருகுகின்றனர்.

ஆகவே, டயகம, அக்கரப்பத்தனைப் பாடசாலைகளில் பறவை அவதானிப்புக் கழகங்களை அமைப்பதும், தோட்டத்து இளைஞர்களுக்கு இயற்கை வழிகாட்டிப் பயிற்சி அளிப்பதும் வனஜீவராசிகள் திணைக்களமும் கல்வி அதிகாரிகளும் கருத்திற்கொள்ள வேண்டிய பணிகளாகும். வெளியூரிலிருந்து வருபவர் ஒரு நாள் படமெடுத்துச் செல்வார். காட்டின் ஓரத்திலேயே வாழ்பவரால்தான் ஆண்டு முழுவதும் அதனைக் கண்காணிக்க இயலும். அரெங்காவின் அடுத்த பதிவு டயகமவின் மாணவரொருவரின் பெயரில் அமையுமாயின், அது பறவைக்கும் நன்மை, மலையகத்துக்கும் பெருமை.