கேரியரைப் பிடித்த கை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு பிளஸ் ஒன் சேர்க்கை தொடங்கிவிடும். அன்னவாசலிலோ கறம்பக்குடியிலோ ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விண்ணப்பத்தை நீட்டுகிற பதினைந்து வயதுப் பெண்ணிடம் முதலில் கேட்பது, "என்ன குரூப்மா?" என்பதுதான். பதில் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. தோழி எடுத்த குரூப், அக்கா படித்த குரூப், மார்க்குக்குக் கிடைத்த குரூப், அல்லது அந்தப் பள்ளியில் இருக்கிற ஒரே அறிவியல் குரூப். கணிதம் இல்லாத குரூப்பில் சேர்ந்தவளுக்குப் பொறியியல் பெரும்பாலும் அத்தோடு போயிற்று. உயிரியலை விட்டவளுக்கு மருத்துவம் கிட்டத்தட்ட எட்டாக்கனி. இது அவளுக்கு உறைப்பது இரண்டு வருடம் கழித்துத்தான். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் குறைவு என்றோ, மார்க் வருவதில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. அந்த இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் நின்று விவரம் சொல்ல ஒரு ஆள் இல்லை. பிறகும் சில வருடம் கூடவே வர ஆள் இல்லை. குறை அதுதான். அந்த ஆளை வெளியூரிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை என்பதும், இந்த மாவட்டத்துக்கு அந்த வேலை ஏற்கெனவே தெரியும் என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

பெண்கள்தான் நன்றாகப் படிக்கிறார்களே, அவர்களுக்கு எதற்குத் தனி வழிகாட்டல் என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் தமிழ்நாட்டில் மாணவிகள் முந்தி நிற்பது வருடாவருடம் வருகிற செய்தி. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்புகளில் இருந்த 98.5 லட்சம் பேரில் 41.9 லட்சம் பேர் பெண்கள். நூற்றுக்கு 42 பேருக்கும் மேல். பல பணக்கார நாடுகளிலேயே இந்த அளவு இல்லை. ஆனால் நாட்டின் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிகளில் பெண்களின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. வகுப்பறையில் இருந்தவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்குள் பாதிக்கு மேல் எங்கோ இறங்கிவிடுகிறார்கள். கல்யாணம், விடுதிக்கு அனுப்பத் தயக்கம், ஷிப்ட் வேலை பற்றிய பயம் என்று காரணங்கள் பல. பி.எஸ்சி. முடித்ததும் பி.எட். என்பது எழுதாத விதியாகிவிட்டதும் ஒரு காரணம். ஆசிரியப் பணி குறைவான பணி என்பதல்ல இதன் பொருள். வேறு என்னென்ன உண்டு என்று பார்த்துவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தாளா, வேறொன்றும் தெரியாததால் அங்கே போய் நின்றாளா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தைப் புதுக்கோட்டை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருக்கிறது. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மெட்ரிகுலேஷன் தேறியபின் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் கல்லூரி. எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். முத்துலட்சுமி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டராக வெளியே வந்தார். பின்னாளில் சட்ட மேலவைக்குப் போனதும், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியதும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பியதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவரது திறமையைப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அவருடைய தந்தை நாராயணசாமி ஐயர் அதே கல்லூரியின் முதல்வராக இருந்தவர். எந்தப் படிப்புக்குப் பின் எந்தப் படிப்பு, யாரிடம் மனு கொடுக்க வேண்டும், மறுத்தால் அடுத்து யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் வீட்டிலேயே தெரிந்திருந்தது. அப்படி ஒரு தந்தை வாய்க்காத எத்தனை முத்துலட்சுமிகள் அதே ஊரில், அதே வருடங்களில் இருந்தார்கள் என்று கணக்கெடுக்க வழியில்லை. வழிகாட்டல் என்பது அந்த ஒரு வீட்டில் இருந்த விவரத்தை எல்லா வீட்டுக்கும் எட்டச் செய்கிற வேலை.

முன்மாதிரிகளுக்கு இன்று பஞ்சமில்லை. செங்கோட்டை அரசுப் பெண்கள் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர். அரியலூரில் பிறந்த வளர்மதி, 2012இல் ஏவிய ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநர். இன்னும் பக்கத்தில் வேண்டுமானால், திருமயம் வழியாக நாற்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. அம்பாசமுத்திரத்துப் பெண்ணான கலைச்செல்வி தமிழ்வழியில் படித்தவர். அந்த நிறுவனத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்து லித்தியம் பேட்டரிகளில் ஆய்வு செய்து, 2019இல் அதன் முதல் பெண் இயக்குநரானார். 2022 ஆகஸ்டில் நாட்டின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் முழுவதற்கும் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஆண்டு விழாவில் இந்தப் பெயர்களைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கும் டெல்லியில் இருக்கும் தலைமை இயக்குநருக்கும் நடுவே இருபது படிகள். முதல் மூன்று படிகள் எவை என்பதை அந்தக் கைதட்டல் சொல்லித்தராது.

மேடைப் பேச்சால் பயனே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. பிரான்சில் 2015-16இல் பாரீஸ் வட்டாரப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபதாயிரம் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெண் விஞ்ஞானி ஒருவர் வகுப்புக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினார், அவ்வளவுதான். பள்ளி இறுதி வகுப்பில், நன்றாக மார்க் எடுக்கும் மாணவிகள் கடினமான அறிவியல் படிப்புகளைத் தேர்ந்தெடுப்பது குறிப்பிடத்தக்க அளவு கூடியது. பத்தாம் வகுப்பு அளவில் இருந்தவர்களின் தேர்வில் மாற்றம் தெரியவில்லை. அதாவது, முடிவெடுக்கும் தறுவாயில், ஏற்கெனவே தயாராக நிற்பவளுக்கு ஒரு மணி நேரம் போதும். மற்றவர்களுக்குப் போதாது. இன்னொன்று நம் நாட்டு ஆய்வு. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், பஞ்சாயத்துத் தலைவர் பதவி இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த கனவுகளுக்கு இடையிலான இடைவெளி கால் பங்கு குறைந்ததாக 2012இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. தலைவர் யாரும் வீடு வீடாகப் போய் அறிவுரை சொல்லவில்லை. தினம் கண்ணில் பட்டார், ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும்: வழிகாட்டுகிறவர் அருகில் இருக்க வேண்டும், நீடிக்க வேண்டும், முடிவெடுக்கும் வேளையில் கூட நிற்க வேண்டும்.

அருகில், நீடித்து, ஆயிரக்கணக்கில் என்று சொன்னால் நடக்கிற காரியமா என்று கேட்கத் தோன்றும். புதுக்கோட்டைக்காரர்கள் கேட்கக் கூடாத கேள்வி அது. 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் அறிவொளித் தொண்டர்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் சேர்ந்து செய்த வேலை அது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு எழுதியபடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வயல் வேலைக்காரர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராம செவிலியர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலியும் கெட்ட பேச்சும் இல்லாமலில்லை. கற்றவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள் என்பதால்தான் அந்த இயக்கம் கேலியைத் தாண்டிப் பரவியது. சைக்கிள் கற்றவர்களுக்குத் தெரியும்: பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடிவர வேண்டும். அவள் சைக்கிள் பந்தய வீராங்கனையாக இருக்க வேண்டியதில்லை. போன மாதம் கற்றவளாக இருந்தால் போதும், சொல்லப்போனால் அவள்தான் பொருத்தம். எங்கே பேலன்ஸ் தவறும் என்பது அவளுக்கு இன்னும் மறந்திருக்காது.

இங்கேதான் அரசுத் திட்டங்களைப் பற்றிய மறுப்பு வருகிறது. புதுமைப்பெண் திட்டம் 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்? இவை பெரிய காரியங்கள். குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் சைக்கிள் கொடுப்பது ஒன்று, ஓட்டக் கற்றுக்கொடுப்பது இன்னொன்று. திட்டங்களின் நடுவே ஓர் இடைவெளியும் தெரிகிறது. பள்ளிகளுக்கு வண்டியில் வந்து சோதனை செய்துகாட்டும் வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரைதான். 9 முதல் 12 வரையிலான மாணவிகளுக்கென்று மத்திய அரசு 2019இல் கொண்டுவந்த விஞ்ஞான் ஜோதி, நவோதயா பள்ளிகளை மையமாக வைத்துத் தொடங்கியது. தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே கிடையாது. கையால் தொட்டுச் செய்யும் அறிவியல் எட்டாம் வகுப்போடு நிற்கிறது, குரூப் கேட்பது பத்தாம் வகுப்பு முடிந்து. அந்த நடுவில் தொடங்குவதுதான் வழிகாட்டியின் காலம்.

அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது என்ன? பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக்கொள்ளலாம். ரேங்க் வந்ததும் கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும். கிடைக்காது என்று பயந்து, மிகவும் பிடித்ததைப் பத்தாவதாக வைத்தால், ஒன்பதாவது கிடைத்ததுமே பத்தாவதை யாரும் பார்க்கமாட்டார்கள். பிடித்ததை மேலே வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை என்ற இந்த ஒரு விஷயம் போன வருடம் நிரப்பியவளுக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் அவசரமாகத் தட்டச்சு செய்கிறவருக்கு அதைச் சொல்ல நேரமிருக்காது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எப்போது விண்ணப்பிப்பது, ஐசர் நுழைவுத் தேர்வு என்று ஒன்று உண்டா, விடுதியில் எப்படி இருக்கும், அம்மாவிடம் எப்படிச் சொல்வது எல்லாம் இந்த வகைதான். ஒன்பதாம் வகுப்பில் எட்டுப் பெண்களுக்கு ஒரு அக்கா, மாதம் ஒரு சனிக்கிழமை, பிளஸ் டூ முடியும் வரை. அக்காக்கள் புதுக்கோட்டையிலேயே, மன்னர் கல்லூரியிலும் அரசு மகளிர் கல்லூரியிலும் முள்ளூர் மருத்துவக் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை காரைக்குடிக்கு ஒரு பயணம். லித்தியம் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்பதால், ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையில் கைவிட்டுச் சட்டைப் பித்தான் அளவு பேட்டரியை அடுக்குவார்கள். அதை ஒரு பெண் செய்வதைப் பத்து நிமிடம் பார்ப்பது நூறு சுவரொட்டிக்குச் சமம்.

இதிலும் மறுப்புகள் உண்டு. பையன்களுக்கும் விவரம் தெரியாதே, அவர்களை ஏன் விட வேண்டும் என்பது ஒன்று. விடத் தேவையில்லை. ஆனால் பையனுக்கு டீக்கடை பெஞ்சும் கிரிக்கெட் மைதானமும் இருக்கின்றன, ஐ.டி.ஐ. படித்த அண்ணன், விராலிமலை கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் அங்கே கிடைப்பார்கள். பள்ளி விட்டதும் பெண் வீட்டுக்குப் போகிறாள். அவளுக்கு அந்த பெஞ்சை நாம்தான் போட்டுத்தர வேண்டும். எல்லோரையும் அறிவியலுக்குத் தள்ளுவது சரியா, பொறியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்கள் போதாதா என்பது இன்னொன்று. ஆள் பிடிப்பது வழிகாட்டியின் வேலை கிடையாது. கணக்குப் பதிவியலில் மனம் இருக்கிறவளிடம் காமர்ஸ் எடு என்று சொல்வதும், நீட் மட்டுமே வாழ்க்கை என்று நம்புகிறவளிடம் உயிரி தொழில்நுட்பமும் செவிலியமும் இருக்கின்றன என்று காட்டுவதும் அதே வேலைதான். மூன்றாவது, பாதுகாப்பு. வளரிளம் பெண்களோடு வெளியாட்களைப் பழகவிடுவதா என்று பெற்றோர் தயங்கினால் அது மூடத்தனம் ஆகாது. ஆகவே சந்திப்பு பள்ளி வளாகத்திலேயே, குழுவாக, ஆசிரியை ஒருவரின் பார்வையில் நடக்க வேண்டும். தனியாக அலைபேசியில் பேச்சு கூடாது. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒப்பாதவர் எவ்வளவு பெரிய விஞ்ஞானியானாலும் வேண்டாம்.

கடைசியாக, விழுவதைப் பற்றி. நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்கேற்று உருவாக்கிய ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள் 2022 ஆகஸ்ட் 7 அன்று ஏவப்பட்டது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். ராக்கெட் அதைச் சரியான பாதையில் விடவில்லை, செயற்கைக்கோள் வீணானது. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. இஸ்ரோவில் முதல் தோல்விக்குப் பின் என்ன தவறு என்று பார்க்கக் குழு அமைக்கிறார்கள். நீட்டில் மார்க் குறைந்த பெண்ணுக்கும், முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடத்திய கணிதம் புரியாமல் அரியர் வைத்த பெண்ணுக்கும் அப்படி ஒரு குழு கிடையாது. "உனக்கு இது வராது" என்று சொல்ல வீட்டிலும் வெளியிலும் ஆள் இருக்கிறது. எனக்கும் முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் என்று சொல்ல ஒரு அக்கா வேண்டும். சைக்கிளில் விழுந்த புதுக்கோட்டைப் பெண்களுக்கு அன்று கிடைத்ததும் இதுதான்: தானும் விழுந்து எழுந்த இன்னொருத்தி, முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறச் சொல்லிக் கேரியரைப் பிடித்துக்கொண்டாள்.