ஆடுகளம் தேடி – 7: திருமலையில் தலை எண்ணுவது எப்படி?

சென்ற வாரம் அறுகம்குடாவில் இருந்தோம். 2019 செப்டம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்த கரை அது. திருகோணமலைக்கு அப்படிப் பெயர்பெற்ற போட்டி எதுவும் இல்லை. ஆனாலும் விளையாட்டுக்காகவே இங்கு வந்து நாட்கணக்கில் தங்குகிறவர்கள் உண்டு. அவர்களுடைய மைதானம் கடலுக்கு அடியில் இருக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை, தெற்கும் மேற்கும் பருவக்காற்றில் கொந்தளிக்க, கச்சான் வீசும் கிழக்கில் கடல் தெளிந்து கிடக்கும். சுழியோடிகள் வரும் காலம் அதுதான். வாடை தொடங்கினால் அவர்கள் ஹிக்கடுவைப் பக்கம் போய்விடுவார்கள். இந்தக் கடலடியை உலகறியச் செய்தவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். 1956இல் சுவாமி மலையடியில் மூழ்கிய அவர்கள், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். அறிவியல் புனைகதைக்காரராகவே நாம் நினைவில் வைத்திருக்கும் கிளார்க்கை இலங்கைக்கு இழுத்து வந்தது இந்தக் கடல்தான்.

விளையாட்டுச் சுற்றுலா ஆய்வில் ஹெதர் கிப்சன் 1998இல் எழுதிய கட்டுரை முக்கியமானது. தானே ஆட வருவோர், போட்டி பார்க்க வருவோர், விளையாட்டின் பழம்பெருமையைத் தரிசிக்க வருவோர் என்று பயணிகளை அவர் மூன்றாகப் பிரித்தார். கிளார்க் மூழ்கிய இடத்தில் தானும் மூழ்கவேண்டும் என்று வருகிறவரை எதில் சேர்ப்பது? முதலாவதிலும் மூன்றாவதிலும் என்பேன்.

சிக்கல் இரண்டாம் வகையில். ஏகாம்பரம் மைதானத்தில் உதைபந்தாட்டம் என்றால் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்து, பார்த்து முடித்து, 2009இல் திறந்த பாலத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஓரிரவாவது தங்காதவரை ஐ.நா. கணக்கு சுற்றுலாப் பயணியாகச் சேர்ப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜான் குரோம்ப்டன் 1995இல் இன்னும் கறாராகச் சொன்னார்: உள்ளூர்வாசியைக் கழியுங்கள், எப்படியும் வரவிருந்து, போட்டிக்காக நாளை மட்டும் மாற்றிக்கொண்டவரைக் கழியுங்கள், வேறு வேலையாக வந்து போகிற போக்கில் எட்டிப் பார்த்தவரையும் கழியுங்கள். கோணேஸ்வரத்துக்கு வந்த குடும்பம் உப்புவெளிக் கரையில் கரப்பந்தாட்டம் பார்த்தால், அந்த விடுதி வாடகை போட்டியின் வருமானம் ஆகாது. மேடையில் அறிவிக்கப்படும் கூட்டக் கணக்குகளை இந்தச் சல்லடையில் போட்டால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்க ஆளில்லை.

திருமலையில் தலைகளை மட்டும் எண்ணுவதில் ஆபத்தும் இருக்கிறது. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு பிரித்தானியர் காலத்தில் சுடும் பயிற்சிக்களமாக இருந்தது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. ஆழமற்ற நீரில் நீந்தத் தெரியாதவர்கள் முருகைக்கற்களின் மேல் ஏறி நிற்கிறார்கள். உயிருள்ள முருகை அந்த மிதியில் உடைந்துபோகும்; ஒடிந்தது மீண்டும் வளர ஆண்டுக்கணக்காகும். நுழைவுச்சீட்டு அதிகம் விற்ற பருவத்தை வெற்றி என்று எழுதினால், நாளைய சுழியோடி பார்க்க வரும் பொருளையே விற்றுத் தீர்த்த கதைதான்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியிலேயே இருக்கிறது. முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகள் ஒரு பருவம் முழுக்கப் படகுத்துறையில் நின்று மூன்றே கேள்வி கேட்கட்டும்: இது இல்லையென்றால் வந்திருப்பீர்களா, எத்தனை இரவு தங்கினீர்கள், காசை யாரிடம் கொடுத்தீர்கள்? அடுத்த போட்டிக்குப் பந்தல் போடுமுன் அந்த விடைகளை மாகாண சபை வாங்கிப் பார்க்கவேண்டும்.