கவலையும் கைவேலையும்

புரட்டாசி பிறந்துவிட்டால் திருச்சுழி வட்டாரத்தில் எல்லாருடைய கண்களும் வானத்தின்மேல் இருக்கும். கண்மாய் வற்றிக் கிடக்கும். குண்டாற்றில் மணலே தெரியும். கரிசல் நிலம் வெடித்து வாய் பிளந்து நிற்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யவேண்டிய மழையை நம்பியே பருத்தியும் மிளகாயும் மல்லியும் சோளமும் இங்கே விதைக்கப்படுகின்றன. அருப்புக்கோட்டைப் பக்கத்து நெசவாளியின் நிலையோ இன்னும் விசித்திரமானது. மழை பெய்தால் தெருவில் பாவு ஆற்ற இயலாது. பெய்யாவிட்டாலோ சேலை வாங்குவோர் கையில் பணம் இராது. பெய்தாலும் கவலை, பொய்த்தாலும் கவலை!

இத்தகைய சீமையில் வாழும் நம்மிடம் வந்து, ‘கவலைப்படாதே’ என்று ஒருவர் சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். கவலைக்குக் காரணம் இல்லாமலா நாம் கவலைப்படுகிறோம்? ஆகவே கவலையை அடியோடு ஒழிக்கும் மந்திரம் எதையும் நாம் இங்கே கூறப் போவதில்லை. கவலை நம்முடைய அறிவையும் உழைப்பையும் எவ்வாறு தின்கிறது, அதன் பிடியிலிருந்து இன்றைய நாளையாவது எவ்வாறு மீட்டுக்கொள்ளலாம் என்பதையே ஆராய விரும்புகிறோம்.

யோசனை வேறு, கவலை வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். ‘இம்முறை மழை பிந்தினால் பருத்தியை விட்டுக் குதிரைவாலி விதைக்கலாமா?’ என்று எண்ணுவது யோசனை. அது ஒரு முடிவில் போய் நிற்கும். அம்முடிவு ஒரு செயலாக மாறும். ‘மழை பொய்த்தால் என்ன ஆகும்? கடன் என்ன ஆகும்? பெண்ணின் கலியாணம் என்ன ஆகும்?’ என்று இரவு இரண்டு மணிக்குப் புரண்டு படுப்பது கவலை. அது செக்குமாடுபோல் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும். செக்குமாடாவது எண்ணெய் தருகிறது; கவலை அதையும் தருவதில்லை.

கவலைப்படுகிறவன் உடலையும் வருத்திக்கொள்கிறான். எதிரே பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ அடிக்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் அது. வராத பாம்பை மனத்தில் எண்ணினாலும் உடல் அதே ஆயத்தத்தைச் செய்துகொள்கிறது. வந்த பாம்பு போய்விடும். எண்ணத்தில் உள்ள பாம்பு போவதில்லை. ஆதலால்தான் உறக்கம் கெடுகிறது, உணவு செல்லவில்லை, காலையில் தறிக்குழியில் இறங்கும்போதே கால்கள் ஓய்ந்திருக்கின்றன.

கரும்பு விவசாயிகள் காட்டிய உண்மை

கவலை அறிவைத் தின்கிறது என்பது வெறும் பேச்சன்று. நம் தமிழ்நாட்டிலேயே அது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ என்னும் அறிஞர்கள் அதனைச் செய்தார்கள்.

கரும்பு விவசாயிக்கு ஆண்டில் ஒருமுறையே பெரும்பணம் கைக்கு வருகிறது. வெட்டுக்கு முந்திய மாதங்கள் முட்டுப்பாடான மாதங்கள். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் வெட்டுக்கு முன்பு ஏதேனும் ஒரு பொருளை அடகு வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 78 பேர். வெட்டுக்குப் பின்போ நூற்றுக்கு 4 பேரே. ஒரே விவசாயிக்கு வெட்டுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் புத்திக்கூர்மைச் சோதனை வைத்தார்கள். கைமுடையான காலத்தில் அவர் செய்த பிழைகள் அதிகம். எடுத்துக்கொண்ட நேரமும் அதிகம். பணம் வந்தபின் அதே மனிதர் தெளிவாக விடை கூறினார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? முடையில் இருப்பவன் மூடனல்லன். அவனுடைய மனத்தில் பெரும்பகுதியைக் கடனும் தவணையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எஞ்சிய சிறுபகுதியைக் கொண்டே அவன் மற்றக் காரியங்களைப் பார்க்கவேண்டியிருக்கிறது. எந்தக் காலத்தில் அறிவு மிகவும் தேவையோ, அந்தக் காலத்திலேயே கவலை அதைக் களவாடுகிறது. நெருக்கடியான நாளில் அவசரப்பட்டுக் கந்துவட்டிக்குக் கையெழுத்திடுவதும், பஞ்சை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுவதும் ஏன் என்பது இப்போது நமக்கு விளங்குகிறதல்லவா? ஆகவே மனத்தை இந்நேரத்திற்குத் திருப்பும் பழக்கத்தை ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. விதை நெல்லைப் பேணுவதுபோல் அறிவைப் பேணும் காரியம் அது.

பயத்தை நேரே பார்த்த சிறுவன்

நம்முடைய திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்தது. தந்தை சுந்தரமையர் உள்ளூரில் வழக்குகளை நடத்தி வந்தவர். 1892-இல் அவர் காலமானார். குடும்பம் பிரிந்தது, சிறுவன் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தான். 1896-ஆம் ஆண்டின் நடுவில், பதினாறு வயதில், மாடி அறையில் தனியே இருந்தபோது, நோய் ஏதுமின்றித் திடீரென ‘சாகப்போகிறோம்’ என்ற பெரும் பயம் அவனைப் பற்றிக்கொண்டது.

இவ்விடத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? ஓடுவார்கள், வைத்தியரைக் கூப்பிடுவார்கள், வேறொன்றில் மனத்தைச் செலுத்தி அதை மறக்கப் பார்ப்பார்கள். அச்சிறுவன் அவ்வாறு செய்யவில்லை. இதை இப்போதே, இங்கேயே தீர்த்துக்கொள்ளவேண்டும் என்று துணிந்தான். பிணம்போல் கைகால்களை நீட்டி விறைத்துக் கிடந்து, மூச்சை அடக்கி, ‘சாவது எது? இவ்வுடல் இறந்தால் நானும் இறந்தவனா?’ என்று தன்னையே ஆராய்ந்தான். அத்துடன் மரணபயம் தன்னை விட்டு நீங்கியதென்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சென்றடைந்த அவரையே உலகம் ரமண மகரிஷி என்று அறிகிறது.

குடும்பத்தையும் தறியையும் ஏரையும் விட்டு நாம் மலைக்குப் போக இயலாது, போகவேண்டியதும் இல்லை. அவர் மேற்கொண்ட ஆன்ம விசாரமும் நாம் இங்கே பேசும் எளிய பழக்கமும் ஒன்றேயென்று சொல்லவும் மாட்டோம். ஆயினும் ஊர்க்காரர் என்ற உரிமையில் அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: அச்சத்திற்கு முதுகு காட்டினால் அது துரத்துகிறது, திரும்பி நின்று பார்த்தால் அதன் உருவமும் அளவும் தெரிகின்றன.

இதனை நம் வாழ்க்கையில் பொருத்திப் பார்ப்போம். தவணை தவறிய ஓர் அங்கத்தினரை எண்ணிக்கொள்ளுங்கள். சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது. பிரிக்காமலே அதை மாடத்தில் வைத்துவிடுகிறார். சங்கம் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றுவழியில் போகிறார். பேரவைக் கூட்டத்திற்கும் வருவதில்லை. பிரிக்காத அந்தக் கடிதம் அவர் மனத்தில் நாள்தோறும் வளர்கிறது. ஜப்தி என்றும் அவமானம் என்றும் அதில் எழுதாத எழுத்துக்களை எல்லாம் அவர் படித்துக்கொண்டே இருக்கிறார். ஒருநாள் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பது ஒரு தொகையும் ஒரு தேதியுமே. தொகை பெரியதாகவே இருக்கட்டும். எண்ணுக்கு எல்லை உண்டு, கற்பனைக்கு எல்லை இல்லை. கடிதத்தைப் பிரிப்பதே அன்றைய நாளில் அவர் செய்யத்தக்க பெரிய காரியம்.

செய்து பார்க்கத்தக்க சில முறைகள்

முதலாவது, ஒருநாளை ஒருநாளாக வாழ்தல். புகழ்பெற்ற மருத்துவரான வில்லியம் ஆஸ்லர் 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதை எடுத்துரைத்தார். பெருங்கப்பலின் அடித்தளம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும்; ஓர் அறையில் நீர் புகுந்தாலும் கதவை அடைத்துவிட்டால் கப்பல் மூழ்காது. அதுபோல் நேற்றையும் நாளையையும் கதவிட்டு அடைத்து, இன்று என்னும் அறையில் வாழுங்கள் என்றார். நாளைக்காக ஆயத்தம் செய்வதை அவர் தடுக்கவில்லை. இன்றைய வேலையை நன்றாகச் செய்வதே நாளைக்கான சிறந்த ஆயத்தம் என்பது அவர் கருத்து.

இரண்டாவது, கையோடு மனத்தையும் வைத்தல். தறியில் அமர்ந்தவன் மிதியை அழுத்துகிறான்; பாவு திறக்கிறது; நாடா ஓடுகிறது; ஊடை விழுகிறது; பலகை அதை அடித்துச் சேர்க்கிறது. இந்த ஐந்தையும் கண்ணாலும் காதாலும் காலாலும் உணர்ந்து செய்தால் கவலைக்கு அங்கே இடம் குறைவு. மனம் நழுவும்; அது அதன் இயல்பு. 2010-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 2,250 பேரை நாளின் பல வேளைகளிலும் கேட்டுப் பார்த்தபோது, விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 47 பங்கு, செய்யும் வேலையை விட்டு மனம் வேறெங்கோ அலைவது தெரியவந்தது. அலையும்போது மகிழ்ச்சி குறைவதையும் கண்டார்கள். ஆகவே மனம் நழுவியதற்காக நம்மை நாமே நொந்துகொள்ள வேண்டுவதில்லை. பாவில் இழை அறுந்தால் நாம் அழுவதில்லை. முடிச்சிட்டு மேலே நெய்கிறோம். மனத்தையும் அவ்வாறே மீட்டுக்கொண்டு வரவேண்டும், நாளில் நூறு முறையானாலும்.

மூன்றாவது, மூச்சு. படபடப்பு மிகும்போது வரப்பிலோ திண்ணையிலோ அமர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து வெளிவிடுங்கள். வெளிமூச்சு நீளும்போது நெஞ்சின் துடிப்பு சற்றே தணிகிறது. ஐந்து நிமிடம் போதும், காசு செலவில்லை.

நான்காவது, கவலைக்கு ஒரு நேரம் குறித்தல். தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க மனநூல் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1983-இல் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரைமணி நேரத்தைக் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்கவேண்டும்; மற்ற வேளையில் கவலை தலைகாட்டினால், ‘உன் நேரம் வரும்போது வா’ என்று தள்ளிவைத்துக் கைவேலைக்குத் திரும்பவேண்டும். நான்கு வாரங்கள் இவ்வாறு செய்தவர்களுக்குக் கவலை குறைந்தது. அந்த அரைமணியில் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து நடுவே கோடிட்டு, நம் கையில் இல்லாதவற்றை ஒருபக்கமும் இருப்பவற்றை மறுபக்கமும் எழுதலாம். மழை ஒருபக்கம், வரப்பை உயர்த்துவதும் விதையைத் தேர்வதும் பயிர்க் காப்பீட்டுக்குக் குறித்த கடைசித் தேதியைத் தவறவிடாதிருப்பதும் மறுபக்கம். நூல்விலை ஒருபக்கம், சங்கத்தில் கூலிக்கணக்கைச் சரிபார்ப்பது மறுபக்கம். பின்பு மறுபக்கத்திலிருந்து நாளைக் காலையில் செய்யவேண்டிய ஒன்றை மட்டும் குறித்துவைத்துப் புத்தகத்தை மூடிவிடலாம். படுக்கைக்குப் போகும் வேளையை மட்டும் இதற்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

சங்கத்தின் கடமை

இங்கே ஓர் எச்சரிக்கை. மூச்சைக் கவனிப்பதால் கடன் அடைந்துவிடாது. வட்டி நிகழ்காலத்திலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கூலி நிலுவைக்காகக் கேட்க வந்தவனிடம், ‘மனத்தை அமைதியாக வைத்துக்கொள்’ என்று உபதேசிப்பது கேலி செய்வதாகும். கரும்பு விவசாயிகளின் மனம் தெளிந்தது உபதேசத்தால் அன்று. வெட்டுக்கூலி போகக் கையில் பணம் நின்றதால் என்பதை நிர்வாகிகள் மறக்கலாகாது.

ஆகவே கவலையைக் குறைப்பது தனி மனிதனின் கடமை மட்டுமன்று; சங்கத்தின் கடமையுமாகும். கூலியைக் குறித்த நாளில் கொடுப்பது, கடன் விதிகளைப் புரியும் தமிழில் சொல்வது, தவறிய அங்கத்தினரைப் பலர் முன்னிலையில் அதட்டாமல் தனியே அழைத்துப் பேசுவது ஆகிய யாவும் மனநலப் பணியே. அரசினால் வறட்சிப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் குறுகியகாலப் பயிர்க்கடனை மத்தியகாலக் கடனாக மாற்றியமைக்கும் ஏற்பாடு கூட்டுறவுக் கடன் முறையில் உண்டு. கடிதத்தைப் பிரிக்க அஞ்சும் அங்கத்தினர் இதை அறியாமலே இருந்துவிடுகிறார். தெரிந்த ஒருவர் அவரோடு சங்கத்திற்கு நடந்து வந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஒருவர் சுமக்க இயலாததைப் பலர் சேர்ந்து சுமக்கலாம் என்பதற்காகவே கூட்டுறவு தோன்றியது.

கவலை நோயாகும்போது

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் பற்றின்றி, சாவைப் பற்றிய எண்ணம் வருமாயின் அது கவலையின் எல்லையைக் கடந்துவிட்டது. காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் வெட்கம் இல்லை, இதற்கும் இல்லை. அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் கூறலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசும் ஒருவரை வீட்டாரும் அயலாரும் தனியே விடாமல், பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்து, உடனே உதவி நாடவேண்டும். இதில் ஒருநாளும் தாமதம் கூடாது.

மழை வரும், வராமலும் போகும். அதனை நாம் அறியோம். ஆனால் இன்று பொழுது விடிந்திருக்கிறது. பாவு தறியில் ஏறியிருக்கிறது. வரப்பில் ஓர் உடைப்பு அடைக்கப்படாமல் கிடக்கிறது. மாடத்தில் பிரிக்காத கடிதம் ஏதேனும் இருந்தால், அன்பர்களே, அதை இன்றே பிரித்துப் பாருங்கள். துணை தேவையாயின் எடுத்துக்கொண்டு சங்கத்திற்கு வாருங்கள், சேர்ந்தே படிப்போம்.