முகப்பும் உள்கட்டும்

செட்டிநாட்டு வீட்டைப் படம் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் முகப்போடு நின்றுவிடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, நிலைவாசலில் கஜலட்சுமி. வெள்ளிக்கிழமைக்காக வியாழன் மாலையே குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற ஆச்சி படத்தில் வருவதில்லை. அது உள்கட்டு வேலை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற அமராவதிபுதூர் என்றாலே எனக்கு உள்கட்டுத்தான் நினைவுக்கு வரும். சிறுகூடல்பட்டி முத்தையா இந்த ஊர்க் குருகுலத்தில் படித்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்தப் பையன்தான் பின்னாளில் கண்ணதாசன்.

அவருடையது பக்தியில் தொடங்கி பக்தியிலேயே முடிந்த கதை இல்லை. ஊர் ஊராக நாத்திக மேடை ஏறியவர். கம்பனை மறுத்துப் பேசுவதற்காகவே கம்பனை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். மறுக்கப் போனவர் மயங்கித் திரும்பினார். பத்துப் பாகம் ‘அர்த்தமுள்ள இந்து மதம்’ வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1981-ல் அவர் மறைந்த பிறகு ‘இயேசு காவியம்’ வந்தது. புத்தகங்களை எல்லோரும் பார்த்தார்கள். கம்பனும் அவரும் மட்டும் தனியே இருந்த இரவுகளை யார் பார்த்தார்கள்? சண்டைக்கென்று போய் உட்கார்ந்தாலும், உட்கார்ந்தது சன்னிதியில்தானே!

இதே ஊரில் பிறந்த ராய. சொக்கலிங்கம் (1898–1974) வேறு வகை. இருபது வயது ஆகுமுன்பே, 1917-ல், தோழர்களோடு காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தொடங்கினார். 1919-ல் பாரதி வந்து சங்கத்தைப் பாடியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் அங்கே பாய் விரித்தது யார், விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்பாரில்லை.

உள்கட்டு வேலைக்கு நம்மிடம் ஒரு நாயனாரே இருக்கிறார். திருநின்றவூர்ப் பூசலார். கோயில் கட்டக் காசு கிடைக்காமல் மனத்துக்குள்ளேயே கட்டியவர். கதையில் எனக்குப் பிடித்தது கனவில் சிவன் வந்த இடம் அல்ல, அதற்கு முந்தைய பகுதி. மனக்கோயில்தானே, நினைத்த மாத்திரத்தில் முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், அடித்தளம் போடுகிறார், இரவிலும் கண் மூடாமல் சிகரம் வரை எழுப்பிச் சுதை பூசுகிறார். கிணறு தோண்டுகிறார், மதில் வைக்கிறார், குளமும் வெட்டுகிறார். முட்டை வெள்ளைக் கருவையும் சுண்ணாம்பையும் குழைத்து அடுக்கடுக்காகச் சுவர் பூசிய செட்டிநாட்டுக் கொத்தனாருக்கு அந்தப் பொறுமை புரிந்திருக்கும்.

அதே சமயம் காஞ்சியில் பல்லவ அரசன் கற்றளி கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இருவர் குறித்ததும் ஒரே நாள். நின்றவூர் அன்பன் கோயிலுக்கு நாளை போகவேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று கனவில் உத்தரவு. அரசன் விழுந்தடித்துக்கொண்டு நின்றவூருக்கு வந்து, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று விசாரித்தான்.

அப்படி ஒரு கோயில் இங்கே யாரும் கட்டவில்லையே என்றார்கள் ஊர்க்காரர்கள்.