நெல்லையும் நிச்சயமின்மையையும் அளந்தவர்

தை மாதம் ஒரத்தநாட்டுப் பக்கம் சம்பா அறுவடை நடக்கையில், பணியாளர் சிலர் வயலுக்குள் இறங்கி, ஐந்து மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் அகலமும் அளந்து கயிறு கட்டுவதை நம் குடும்பங்களிற் பலர் கண்டிருப்பர். அந்தச் சதுரத்துக் கதிரை மட்டும் தனியே அறுத்து, அடித்து, தூற்றி, நிறுக்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் அது நானூறில் ஒரு பங்கேயாகும். ஆகவே தராசில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகிவிடும்! பயிர்க் காப்பீட்டில் ஊருக்கு இழப்பீடு உண்டா, இல்லையா என்பது பெரும்பாலும் இத்தகைய சில சதுரங்களைக் கொண்டே முடிவாகிறது. எந்த வயல் என்பதைக் குலுக்கல் முறையில் முன்னரே தெரிந்தெடுக்க வேண்டும். சாலையோர வயல் வசதியாயிருக்கிறதென்று அங்கே கயிறு கட்டிவிட்டால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

இவ்வாறு திரட்டிய எண்களைக் கொண்டு பொருளியல் கருத்துகளைச் சோதித்துப் பார்க்கும் கல்வித்துறைக்குப் பொருளாதார அளவையியல் என்று பெயர். அதில் உலகப் புகழ் எய்திய தமிழர் ஒருவர், காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகச் சுமந்தார். அவரே திருக்கோடிக்காவல் நீலகண்ட சீனிவாசன். ஆடுதுறைக்கு அருகிலுள்ள ஊர் அது.

1933 மார்ச் 27இல் பிறந்த அவர், சென்னையில் கணிதம் பயின்று, கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கூப்மன்ஸ் என்பாரிடம் ஆராய்ந்து, 1962இல் முனைவரானார். அங்கேயே தங்கிவிடாது தாயகம் திரும்பி, புள்ளியியல் நிறுவனத்தின் தில்லிக் கிளையில் 1977 வரை பேராசிரியராயிருந்தார். அவருடைய வாழ்வில் நமக்கு மிக நெருக்கமான காலம் இதுவே எனலாம்.

சிறு நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம், பெரும்பண்ணையில் குறைவு என்று அக்காலத்துப் பண்ணை ஆய்வுகள் காட்டின. காரணம் யாது? சிறு விவசாயி திறமைசாலி என்பர் சிலர். அவன் மண் வளமானது என்பர் வேறு சிலர். சீனிவாசன் 1972இல் வெளியிட்ட கட்டுரையில் மற்றொரு வழியைக் காட்டினார். மழையும் விலையும் நிச்சயமில்லாத உலகில், மண்ணும் தொழில்முறையும் ஒன்றேயாயினும், இழப்புக்கு அஞ்சும் சிறு விவசாயி ஏக்கருக்கு அதிக உழைப்பைக் கொட்டக்கூடும் என்று கணித முறையில் நிறுவினார். களத்துமேட்டில் நின்றவர் எவருக்கும் இது புதிதன்று; ஆயினும் அதை நிறுவிக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

அதற்கு முந்திய ஆண்டில், பிரணாப் பர்தனுடன் சேர்ந்து வாரச் சாகுபடியைப் பற்றி எழுதினார். விளைந்ததில் ஒரு பங்கு நிலக்கிழாருக்குப் போகுமென்றால், கூடுதலாக ஒரு களை பறிக்க உழவனுக்கு மனம் வருமா என்பது பழைய கேள்வி. தஞ்சையில் இது ஏட்டுக் கேள்வியன்று. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1956இல் நியாய வாரச் சட்டமும் வந்ததன் பின்னே எத்தனை வழக்குகள், எத்தனை கண்ணீர்!

1980இல் மீண்டும் யேலுக்குப் பேராசிரியராகச் சென்றார். 1993இல் ஜகதீஷ் பகவதியுடன் சேர்ந்து இந்தியப் பொருளாதாரச் சீர்திருத்தங்கள் குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். 2007இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2018 நவம்பரில் சென்னையில் காலமானார்.

விருதுகளைவிட அவருடைய பிடிவாதம் ஒன்றே எமக்குப் பெரிதாகப் படுகிறது. வளரும் நாடுகளைப் பற்றிய புள்ளிவிவரங்கள் எவ்வளவு குறையுள்ளவை என்று 1994இல் விரிவாக எழுதினார். எண்ணையே தொழிலாகக் கொண்டவர் எண்ணைச் சந்தேகிப்பது எளிதன்று. வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் பலரின் பெயர் இன்றும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. புதாற்றுப் பாசனத்தில் அவர்கள் விளைவித்த நெல் கணக்கில் ஏறுகிறது, அவர்கள் ஏறுவதில்லை.