மலையில் பனி மிகுந்தால் ஆற்றில் ட்ரவுட் என்னாகும்?

அமெரிக்காவின் மொன்டானா மாநில ஆறுகளில் கோடையில் ஓடுவது பெரும்பாலும் உருகிய பனிதான். அதனால் ட்ரவுட் மீன்பிடிப் பருவத்தின் தலையெழுத்து, குளிர்காலத்தில் மலைமேல் விழும் பனியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அங்கே பனியின் உயரத்தை வைத்துக் கணக்கிடுவதில்லை. உருகினால் எத்தனை அங்குலத் தண்ணீர் தேறும் என்றே பார்க்கிறார்கள். மலைச்சரிவுகளில் உள்ள தானியங்கி நிலையங்கள் இதை நாள்தோறும் அளக்கின்றன.

ட்ரவுட் பிடிக்கப் பலர் கையாளும் ஃப்ளை ஃபிஷிங் என்பது இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியைக் காட்டி மீனை ஏமாற்றும் முறை. மீனின் கண்ணில் பூச்சி பட்டால்தான் வேலை நடக்கும். கலங்கல் நீரில் அது நடக்காது.

நீரைத் தேக்கிவைக்கும் பெரிய அணை இல்லாத யெல்லோஸ்டோன் ஆறு, வழக்கமாக ஜூனில் பெருகி ஜூலையில் தெளியத் தொடங்கும். பனி மிகுந்த ஆண்டுகளில் ஜூலைக் கடைசிவரைகூடக் கலங்கியே ஓடும். சால்மன்ஃப்ளை என்ற பெரிய பூச்சி கூட்டங்கூட்டமாக வெளிவரும் சில நாட்களுக்காகவே ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள் உண்டு. வெள்ளம் வடியுமுன் அந்த நாட்கள் கடந்துவிட்டால் அவர்களுக்கு ஏமாற்றமே. வெள்ளக் காலத்தில் மீன்கள் நடு ஆற்றின் வேகத்துக்குத் தப்பிக் கரையோரம் ஒதுங்கியிருக்கும். பெரிய, கருநிறப் பொய்ப்பூச்சியைக் கரையை ஒட்டி மூழ்கவிட்டால் பலன் கிடைக்கலாம். ஆற்றில் இறங்கி நிற்பது மட்டும் ஆபத்து. அணைக்குக் கீழே தெளிந்து ஓடும் பிக்ஹார்ன் போன்ற ஆறுகளே பலருக்கு அப்போது புகலிடம்.

பனியின் அளவு மட்டுமல்ல, அது உருகும் வேகமும் முக்கியம். 2022 ஜூனில் பனியின்மேல் கனமழை கொட்டியதால், கார்வின் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் யெல்லோஸ்டோன் 13.88 அடிக்கு உயர்ந்தது. அதற்கு முந்தைய உச்சம் 1918இல் பதிவான 11.5 அடி.

வெள்ளம் எல்லா மீனுக்கும் ஒரேபோல் இல்லை. பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடுகிறது. வசந்தத்தில் சரளைக்கல்லிலிருந்து வெளிவரும் அதன் குஞ்சுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படலாம். அதே வெள்ளம் சரளைக்கல் இடுக்குகளில் அடைந்த வண்டலைக் கழுவிவிடுவதால், பின்னால் இடப்படும் முட்டைகளுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். ஏரிகளில் கதை வேறு: உறைந்த பரப்பின்மேல் தடித்த பனி வெயிலை மறைப்பதால், அடியிலுள்ள தாவரங்கள் ஆக்சிஜன் தருவது குறைந்து, ஆழமற்ற ஏரிகளில் மீன்கள் மூச்சுத்திணறிச் சாவதுண்டு.

பெரும்பனியின் உண்மையான கொடை ஆகஸ்டில்தான் தெரியும். ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். மொன்டானாவில் நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 23 செல்சியஸ்) எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை வரலாம். 2016 ஆகஸ்டில் நீர் குறைந்து சூடேறியிருந்த யெல்லோஸ்டோனில் ஓர் ஒட்டுண்ணி நோய் பரவி, ஆயிரக்கணக்கான வெள்ளைமீன்கள் மடிந்தன. ஆற்றில் 183 மைல் நீளத்துக்கு மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. உயரத்தில் தேங்கிய பனி மெல்ல உருகி வந்துகொண்டிருந்தால் ஆறு நிறைந்தும் குளிர்ந்தும் ஓடும். இத்தகைய ஆபத்து குறையும்.

பனி மிகுந்த ஆண்டில் மொன்டானா செல்ல நினைப்பவர்கள் ஜூனை விட்டுவிட்டு, ஆகஸ்டுக்கும் செப்டம்பருக்கும் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.